லேபிள் சொல்லாத பாதி

பூச்சி மருந்து போத்தலில் நம் கண்ணுக்கு முதலில் படுவது மருந்தின் பெயர்தான். லிட்டருக்கு 400 கிராம் மருந்து என்று போட்டிருப்பார்கள். சரி, மீதி என்ன? பெரும்பாலான லேபிள்களில் ‘மற்றப் பொருள்கள்’ என்ற அளவோடு கதை முடிந்துவிடும்.

பல பூச்சி மருந்துகள் தண்ணீரில் லேசில் கரையாது. அதனால் சைலீன், சைக்ளோஹெக்சனோன் போன்ற கரைப்பான்களில் கரைத்து விற்கிறார்கள். தண்ணீரில் ஊற்றியதும் பால் போல வெளுக்குமே, அந்த வகை. தின்னர், மண்ணெண்ணெய் போல வாடை அடிப்பதற்கும் பல நேரங்களில் இந்தக் கரைப்பான்தான் காரணம்.

இது சும்மா துணைக்கு வந்த பொருள் அல்ல. இலங்கை மருத்துவமனைகளில் பூச்சி மருந்தால் பாதிக்கப்பட்டவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் எடின்பர்க் பல்கலைக்கழகத்தின் டாக்டர் மைக்கேல் எடில்ஸ்டன். டைமெத்தோவேட் என்ற மருந்தைப் பற்றி அவர் குழு 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பன்றிகளுக்கு மருந்தை மட்டும் கொடுத்தபோது பாதிப்பு குறைவு. கரைப்பானை மட்டும் கொடுத்தபோதும் குறைவு. இரண்டும் சேர்ந்தபோதுதான் உயிருக்கே ஆபத்தான நிலை வந்தது. இந்த வகை மருந்தின் விஷத்தை எதிர்க்க அட்ரோப்பின் ஊசி இருக்கிறது. கரைப்பானுக்கு அப்படி ஒரு மாற்று மருந்து கிடையாது.

கேமரன் மலையில் மருந்தடிப்பவர்களுக்குத்தானே இந்தக் கவலை என்று நினைக்காதீர்கள். தாமான் வீட்டில் கறிவேப்பிலைச் செடிக்கு அடிக்க வாங்கிய மருந்து, மிச்சம் மினரல் போத்தலில் ஊற்றப்பட்டு, சிங்க் அடியில் உட்கார்ந்திருக்கும். தாகத்தில் வரும் பிள்ளைக்கு அது வெறும் போத்தல்.

வானொலியில் உடல்நலம் பற்றிப் பேசும்போதெல்லாம் நேயர்கள் என்னிடம் கேட்பது ஒன்று: “உப்புத்தண்ணி, புளித்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?” வேண்டவே வேண்டாம். வாந்தியோடு மேலே வரும் கரைப்பான் நுரையீரலுக்குள் போனால், அங்கே கடுமையான அழற்சியை உண்டாக்கும். வீட்டில் பெரியவர்கள் அவசரப்படுத்துவார்கள், பாசத்தில்தான். அந்த நேரத்தில் நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும். பாலும் வேண்டாம், பச்சை முட்டையும் வேண்டாம். உடனே 999-ஐ அழையுங்கள். தானாக வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

உடம்பில் கொட்டினாலும் அலட்சியம் கூடாது. மருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும். மெல்லிய ரப்பர் கையுறையைக்கூட சில கரைப்பான்கள் ஊடுருவிவிடும். நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். உதவுகிறவரும் வெறுங்கையால் தொடாமல் இருப்பது நல்லது.

மருத்துவமனைக்குப் போகும்போது போத்தலையோ அதன் லேபிளையோ கையோடு கொண்டுபோங்கள். பினாங்கில் யூஎஸ்எம் வளாகத்தில் உள்ள தேசிய நச்சு மையத்திடம் டாக்டர்கள் ஆலோசனை கேட்க முடியும். எந்த மருந்து, எந்த வகைக் கலவை என்று தெரிந்தால்தான் அவர்களால் சரியாகச் சொல்ல முடியும். மினரல் போத்தலில் ஊற்றி வைத்திருந்தால் அந்த விவரம் யாருக்குத் தெரியும்?