வண்டு மட்டும்தான் குற்றவாளியா?

அரிசி அளவுதான் இருக்கும். மலைப் பைன் வண்டு என்று பெயர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1990களில் பெருகத் தொடங்கி, சுமார் 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேர் காட்டைப் பாதித்துவிட்டது. விலைபோகக்கூடிய லாட்ஜ்போல் பைன் மரங்களில் பாதிக்கு மேல் காலி!

ஒற்றை வண்டால் ஒன்றும் ஆகாது. பட்டையைத் துளைத்தால் மரம் பிசினைச் சுரந்து வெளியே தள்ளிவிடும். அதனால் முதலில் நுழையும் பெண் வண்டு ஒரு வாசனையை விட்டுக் கூட்டத்தையே கூப்பிடுகிறது. நூற்றுக்கணக்கில் வந்து துளைத்தால் எந்த மரம் தாங்கும்? வண்டோடு வரும் நீலக்கறைப் பூஞ்சை நீரோட்டத்தை அடைக்க, புழுக்கள் உள்பட்டையைத் தின்ன, அடுத்த வருடம் இலையெல்லாம் சிவப்பு. மரம் பட்டுப்போச்சு.

எல்லோரும் வண்டைத் திட்டுகிறார்கள். ஆனால் அது எங்கிருந்தோ வந்ததல்ல, அந்தக் காட்டிலேயே காலங்காலமாக இருப்பது. மைனஸ் 40 டிகிரியை ஒட்டிய குளிர் சில நாள் நீடித்தால் புழுக்கள் செத்துவிடும். குளிர்காலம் மிதமாகிப்போனதில் அந்தக் காவல் போனது. இன்னொரு பக்கம், பல பத்தாண்டுகளாகக் காட்டுத்தீயை அணைத்துக்கொண்டே வந்ததில் வயதான பைன்கள் மண்டிவிட்டன. வண்டுக்குப் பிடித்ததும் தடித்த, முதிர்ந்த மரம்தான். பந்தி விரித்தது யார்?

அடுத்து காசு விஷயம். பட்ட மரம் சில வருடங்களுக்குத்தான் பலகைக்கு ஆகும், பிறகு வெடித்துவிடும். அதனால் வெட்டும் அளவை அரசு உயர்த்தியது. அதில் தப்பில்லை. நீலக்கறை விழுந்த பலகையைக்கூட 'டெனிம் பைன்' என்று பெயர் வைத்து விற்றார்கள் (வியாபார மூளைக்கு ஒரு சபாஷ்!).

ஆனால் கடையைக் காலி செய்யும்போது சரக்கைத் தள்ளிவிட்டு வரும் பணத்தை, வழக்கமான வருமானம் என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் நினைக்க மாட்டார். வெட்டு குறையப்போவது எல்லோருக்கும் முன்பே தெரியும். 2014ல் கெஸ்னல், ஹூஸ்டன் (டெக்சாஸ் ஹூஸ்டன் இல்லை, இது சின்ன ஊர்) இரண்டிலும் தலா ஒரு மர ஆலை மூடப்பட்டது. நிவாரணத் திட்டங்கள் வந்தன, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் நிவாரணம் வேறு, ஒதுக்கு நிதி வேறு. கூடுதலாக வெட்டிய ஒவ்வொரு லாரி மரத்துக்கும் ஒரு பங்கை அந்தந்த ஊர் பெயரில் போட்டு வைத்திருக்க வேண்டும்.

2006ல் ராக்கி மலையைத் தாண்டி ஆல்பர்ட்டாவுக்கும் வண்டு பெரும் கூட்டமாகப் போனது. சமீபத்திய கடுங்குளிர்களில் அங்கே நன்றாகக் குறைந்திருக்கிறது. அங்குள்ள ஆலை ஊர்களுக்கு அந்த நிதியைத் தொடங்க இதுதான் நேரம், மரம் பச்சையாக நிற்கும்போதே.