பங்கு இருக்கிறது, வீடு இல்லை

காரைக்குடிப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் இப்போதெல்லாம் ஒரு பேச்சு தவறாமல் வருகிறது: "ரிட்டயர் ஆனதும் ஊர்ப்பக்கம் ஒரு வீடு வாங்கிப் போட்டுடலாமா?" சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் வாழ்நாளெல்லாம் உழைத்தவர்கள் கேட்கும் நியாயமான கேள்விதான். கேட்பவர் யார் என்று பார்த்தால்தான் சங்கடம். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் கொல்லைவாசலுமாக நீளும் வீட்டில் அவருக்கு எட்டில் ஒரு பங்கோ பன்னிரண்டில் ஒரு பங்கோ இருக்கும். அது பூட்டிக் கிடக்கும். அவர் ஊருக்கு வெளியே 1,200 சதுர அடி மனை பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் என்று தள்ளி வைத்து எழுதுவானேன்? நாங்கள்தான் அது. செட்டிநாட்டை விட்டுப் போய், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வந்து போகிற தலைமுறை.

வாங்கலாமா வேண்டாமா என்று பேசும்போது நாங்கள் அடுக்கும் குறைகள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். தண்ணீர் சரியில்லை, அவசரத்துக்கு நல்ல டாக்டர் இல்லை, பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை, ஆறு மணிக்கு மேல் தெருவே இருட்டு. எல்லாம் உண்மை. தெரு ஏன் இருட்டு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வரிசையாகப் பூட்டிக் கிடப்பவை எங்கள் வீடுகள்.

இந்த வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை கட்டப்பட்டவை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழிலில் வந்த பணம். தூணும் நிலையும் பர்மாத் தேக்கு. 1942இல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் நுழைந்ததோடு அந்த வரவு நின்றது. வீடுகள் பாழானதற்கு இன்றுவரை அதையே காரணம் சொல்கிறோம். எண்பது ஆண்டுக்கு முந்தைய கதை அது. அதற்குப் பிறகு எஞ்சினியராகவும் ஆடிட்டராகவும் மில் முதலாளியாகவும் சம்பாதித்தவர்கள் எங்களில் எத்தனையோ பேர். ஓடு மாற்ற மட்டும் காசு இல்லாமல் போனது.

ஓடு மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதை வளவில், அதாவது நடுமுற்றத்தில், நின்று அண்ணாந்து பார்த்தாலே தெரியும். சரிந்த நாட்டு ஓட்டின் வழியே இறங்கிய தண்ணீர் முதலில் கைமரத்தை உளுக்கச் செய்யும், பிறகு சுவரில் இறங்கும். அந்தச் சுவர் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது; இப்போதும் கை வைத்தால் வழுக்கும், சித்திரை வெயிலிலும் குளிர்ந்திருக்கும். பெயர்ந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சிமெண்ட் ஒட்டு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்துத் தானே வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். அடுத்த மழைக்கு ஒட்டைச் சுற்றி இன்னும் நான்கு சாண் உப்பிக் கொட்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை என்று புலம்புகிறோம். பல வருஷமாக வேலையே கொடுக்காவிட்டால் அவர் எங்கே போவார்? ஓட்டல் கட்டப் போனார், மகனை வேறு தொழிலில் விட்டார்.

வீடு கெட்டது வறுமையால் அல்ல, போடாமல் விட்ட கையெழுத்தால். அப்பாவும் பெரியப்பாவும் சித்தப்பாவும் இருந்த காலத்திலேயே உட்கார்ந்து பாகப்பத்திரமோ விடுதலைப் பத்திரமோ எழுதியிருக்கலாம். நெருங்கிய குடும்பத்துக்குள் எழுதும் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையில் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் கூட்டிய பிறகும் ஒரு பங்குக்கு 40,000 ரூபாய்தான். வெளியாரிடம் கிரயம் வாங்கினால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகச் சேர்ந்து 9 சதவீதம் போகிறது. இந்தக் கணக்குத் தெரியாதவர்களா நாங்கள்? கணக்கு எழுதிப் பிழைத்த வம்சம். எழுதாமல் விட்டதற்கு வேறு காரணம் இருந்தது. 1989இலேயே தமிழ்நாட்டில் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்தது. பத்திரம் என்று உட்கார்ந்தால் அக்கா தங்கைகளையும் கூப்பிட வேண்டும். கூப்பிட மனமில்லாமல், "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப் போட்ட வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. அவர்களுக்குச் சீரும் சாமானும் செய்தாயிற்று என்பதே எங்கள் வாதம். அந்த "அப்புறம்" வருவதற்குள் எட்டுப் பங்கு முப்பதானது. ஒருவர் கலிபோர்னியாவில், ஒருவர் எங்கே என்றே தெரியாது.

இந்த நிலையில் எல்லோரும் ஒத்துக்கொள்வது ஒன்றே ஒன்று: பிரித்து விற்பது. தூணை எண்ணிப் பங்கு போடலாம், வளவைப் போட முடியாது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் எங்கள் ஐயாக்கள் காலத்து நிலைக்கதவும் பெல்ஜியம் கண்ணாடியும் எனாமல் தூக்குச்சட்டியும் கிடைக்கும். அவற்றில் சிலவற்றை எங்களில் சிலரே வாங்கி, அடையாற்று ஃபிளாட் வரவேற்பறையில் வைத்துப் பெருமையாகக் காட்டுகிறோம்.

2014இல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அந்த முயற்சியில் முன்நின்றவர்களில் பிரான்சிலிருந்து வந்த இரண்டு கட்டடக் கலைஞர்கள் முக்கியமானவர்கள். கோத்தமங்கலத்தில் ஒரு பழைய வீட்டைச் செப்பனிட்டு விடுதியாக்கியவர்கள். எங்கள் ஓட்டின் அருமையை எங்களுக்கே வெளிநாட்டார் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஊர் விட்டுப்போகும். இது கண்மாயையும் ஊருணியையும் நம்பிய வறண்ட சீமை. ஊர் அமைத்தவர்கள் முதலில் பார்த்தது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைத்தான். தெருவில் விழுந்த மழை வரத்துக்கால் வழியே ஊருணிக்குப் போனது. இன்று வரத்துக்காலின் மேல் மனை. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016இல் உயர்நீதிமன்றம் சொன்ன பிறகும், அதற்கு முந்தையவற்றை வரன்முறைப்படுத்த 2017இல் திட்டம் வந்தது. விண்ணப்பம் கொடுத்து முறைப்படுத்திக்கொண்டவர்களில் நாங்களும் உண்டு. "ஊர்ல ஒரு எடம் கெடக்கட்டும்" என்று வாங்கிய அந்த எடத்தில் சீமைக்கருவேலம் கிடக்கிறது. பிறகு ஊருக்கு வந்து, போரில் உப்புத் தண்ணி வருகிறது என்கிறோம்.

கோவில் குடமுழுக்கு என்றால் நாங்கள் எங்கிருந்தாலும் வருவோம், கேட்ட வரியைக் கொடுப்போம். ஊருணித் தூர் வாருவதற்கு வசூல் என்றால் "பஞ்சாயத்து என்ன செய்யுது?" என்போம். பஞ்சாயத்து என்ன செய்தது என்று உண்மையாகவே கேட்டிருந்தால் ஒன்று தெரிந்திருக்கும்: தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. தனி அதிகாரிதான். ஐந்து வருஷத்துக்கு மேல் ஊருக்கு மன்றமே இல்லை என்பதை எங்களில் எத்தனை பேர் கவனித்தோம்? ஓட்டைத்தான் எப்போதோ சென்னைக்கு மாற்றிக்கொண்டோமே.

எல்லாத் தலைமுறையும் இப்படி இருந்ததில்லை. மின்வேதியியல் ஆய்வு நிலையம் காரைக்குடிக்கு வர அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார்; 1953இல் அது திறக்கப்பட்டது. அவர் வெளியே சம்பாதித்ததை ஊருக்குள் கொண்டுவந்தார். நாங்கள் ஊருக்குள் இருந்ததையும் லாரி ஏற்றி வெளியே கொண்டுபோனோம்.

எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம், "ஊரோட வந்திரலாமான்னு பாக்குறேன், ஒரு எடம் வாங்கட்டுமா?" என்று பங்காளி ஒருவர் கேட்டார். அந்த அம்மா கேட்ட பதில் கேள்வி: "வாங்குறது இருக்கட்டும்ண்ணே, இந்த வீட்டுக் கரண்டு பில்லை இந்தத் தடவை யாரு கட்டுறது?" அவர் ஊரை விட்டு எங்கும் போகவில்லை. நாங்கள் 'ஆளில்லாத ஊர்' என்று சொல்லும்போதெல்லாம் அவரையும், அரிசி ஆலைக்கும் கூலி வேலைக்கும் போகும் அவர் தெருக்காரர்களையும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஊர் என்றால் எங்கள் வீதி மட்டும்தான் என்ற நினைப்பு.

ஆகவே சிறிய ஊரில் வீடு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சொல்ல முடிந்தது இதுதான். வருஷத்தில் பாதி நாளாவது அங்கே அடுப்பு எரியும் என்றால் வாங்குங்கள். வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் பார்த்ததோடு நிற்காமல், அந்த மனையில் விழும் தண்ணீர் எங்கே போகிறது என்று மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பூட்டி வைக்க என்றால் வேண்டாம், ஊரில் பூட்டு ஏற்கெனவே நிறைய.

எங்கள் பக்கத்தாருக்கு மட்டும் இன்னொன்று. புது மனைக்கு முன்பணம் கொடுக்கும் முன் அடுத்த படைப்புக்கு வரும்போது பத்திர எழுத்தர் ஒருவரை அழைத்துவாருங்கள். அக்கா தங்கைகளையும் கூப்பிடுங்கள், அவர்களுக்கும் சமபங்கு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டை எடுத்து நடத்த ஒரு பங்காளி முன்வந்தால் மற்றவர்கள் அவருக்கு விடுதலை எழுதிக்கொடுங்கள். யாரும் முன்வராவிட்டால், பிரிக்காமல் முழுசாக, அங்கே குடியிருக்க மனமுள்ள ஒருவருக்கு விலைக்குக் கொடுங்கள். அவர் எந்தச் சாதி, எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.