தாத்தா காருக்குப் புதுக் கண்!

அம்பாசிடர் காரை மறந்தவர்கள் யார்?

மந்திரி வந்தது அதில். மாப்பிள்ளை அழைப்பு நடந்தது அதில். நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் அதில்தான். இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பார்த்து, மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தரபாராவில் செய்யப்பட்ட கார் அது. 2014-ம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று.

ஆனாலும், அதை விற்க மனம் வராத குடும்பங்கள் இன்றும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைத்து, பளபளவென்று வைத்திருக்கிறார்கள். பகலில் ஒரு தொல்லையும் இல்லை. இருட்டினால்தான் வம்பு!

ஹெட்லைட் மஞ்சளாக, அழுது வடிகிறது. எதிரே வருகிற புதுக் காரோ, பட்டப்பகல் போல வெளிச்சத்தைக் கொட்டுகிறது. அது கடந்து போன பிறகு, கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமே தெரிவதில்லை. வயதானவர் ஓட்டினால் அந்த நேரம் இன்னும் நீளும்.

மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகிற கார், ஒரு நொடியில் ஏறக்குறைய 55 அடி ஓடிவிடும். அந்த இருட்டில், விளக்கு இல்லாத சைக்கிளில் ஒருவர் போய்க்கொண்டிருந்தால்?

ஆகவே, விளக்கைச் சீர்திருத்தத்தான் வேண்டும். எப்படி என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

குற்றவாளி பல்பு அல்ல!

"100 வாட் பல்பு போடுங்கள் சார், சும்மா ஜொலிக்கும்" என்பார் கடைக்காரர். அந்தப் பேச்சைக் கேட்கக் கூடாது. சட்டமும் அதை ஒப்புக்கொள்வதில்லை. பழைய வயரும் அதைத் தாங்குவதில்லை. வயர் சூடேறும். ஸ்விட்ச் உருகும். பழைய வண்டிகளில் இருப்பது டைனமோ. என்ஜின் மெதுவாக ஓடும்போது அது தருகிற மின்சாரமே கொஞ்சம். சிக்னலில் நின்றால், பாட்டரியைத்தான் உறிஞ்ச வேண்டும்.

உண்மையான குற்றவாளி எங்கே ஒளிந்திருக்கிறான்? வயரில்!

பழைய காரில், ஹெட்லைட்டுக்குப் போகிற மின்சாரம் நேராகப் போவதில்லை. ஓட்டுகிறவர் முன்னால் உள்ள ஸ்விட்சுக்கு வருகிறது. அங்கிருந்து டிம் ஸ்விட்சுக்குப் போகிறது. அதன் பிறகுதான் முன்பக்கம் போய் பல்பைத் தொடுகிறது. அந்த வயர் மெல்லியது, வயதானது. முனைகளில் களிம்பு ஏறியிருக்கும். துருப்பிடித்த குழாயில் தண்ணீர் வருவது போலத்தான் மின்சாரம் வரும்.

என்ஜின் ஓடும்போது பாட்டரியில் 13½ வோல்ட் இருக்கலாம். பல்புக்குப் போய்ச் சேருவது 11 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். "2½ வோல்ட்தானே குறைகிறது!" என்று தோன்றும். ஆனால் வெளிச்சமோ பாதியாகிவிடும்! பல்பின் குணம் அப்படி. வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே, வெளிச்சம் பத்தில் மூன்று பங்கு போய்விடுகிறது.

இதற்கு மருந்து, ரிலே என்கிற சின்னப் பெட்டி. தீப்பெட்டியை விடச் சிறியதும் உண்டு. உள்ளே ஒரு காந்தச் சுருள் இருக்கிறது. ஸ்விட்சைப் போட்டால், அந்தச் சுருளுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும். சுருள் ஒரு தகட்டை இழுக்கும். உடனே பாட்டரியிலிருந்து தடித்த, குட்டையான வயர் வழியாக, மின்சாரம் நேரே பல்புக்குப் பாயும். பிரைட்டுக்கு ஒரு ரிலே, டிம்முக்கு ஒரு ரிலே, நடுவில் ஃப்யூஸ். எர்த் வயரையும் சுரண்டிச் சுத்தம் செய்து முடுக்க வேண்டும். எலெக்ட்ரீஷியனுக்கு இது அரை நாள் வேலை. பழைய பல்பே பிரகாசமாக எரிவதைப் பார்த்து வீட்டுக்காரர் அசந்துபோவார்!

அதுவும் போதவில்லை என்றால், ஆலஜன் விளக்குப் போடலாம். முன்பிருந்த 7 அங்குல வட்டத்திலேயே அது பொருந்தும். காரின் முகம் மாறாது. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். இதற்கு மேல் ஆசைப்பட வேண்டியதில்லை.

எதிரே வருகிறவரும் மனிதர்தான்!

இப்போது எல்.இ.டி. பல்பு மலிவாகக் கிடைக்கிறது. பழைய விளக்குக் கிண்ணத்திலேயே அதைச் செருகிவிடுகிறார்கள். அந்தக் கிண்ணம், பல்புக்குள் இழை இருக்கிற இடத்தைக் கணக்குப் பார்த்து வளைக்கப்பட்டது. ஒளி வேறு இடத்தில் பிறந்தால், வெளிச்சம் கண்டபடி சிதறும். சாலையில் விழ வேண்டியது, எதிரே மொபெட்டில் வருகிறவரின் கண்ணில் விழும். பின்னால் மனைவி, முன்னால் குழந்தை என்று வருகிற மனிதர் அவர்! இது சீர்திருத்தம் அல்ல, அக்கிரமம்.

விளக்கு வாங்கும்போது இன்னொன்றையும் கேட்க வேண்டும். இது இடது பக்கம் போகிற நாட்டுக்குச் செய்ததுதானா? வலது பக்கம் போகிற நாடுகளின் விளக்கில், டிம் வெளிச்சம் வலது புறம் தூக்கி அடிக்கும். நம் ஊரில் அது எதிரே வருகிறவரின் முகத்துக்கே போகும்.

மாட்டிய பிறகு, சமதரையில், ஒரு சுவருக்கு 25 அடி தள்ளி வண்டியை நிறுத்த வேண்டும். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு, விளக்கின் நடு உயரத்துக்குச் சுமார் 3 அங்குலம் கீழே விழ வேண்டும். பின்சீட்டில் நாலு பேரும், டிக்கியில் அரிசி மூட்டையும் ஏறினால் காரின் மூக்கு நிமிர்ந்துவிடும். அதற்கும் கொஞ்சம் தாழ்த்தியே வைப்பது நல்லது.

சொந்தக் காருக்கு 15 ஆண்டு முடிந்தால், பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டியிருக்கிறது. அப்போது விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதையும் அதிகாரிகள் சுவரில் அடித்துப் பார்க்க வேண்டும். ஒரு வெள்ளைச் சுவரும், ஒரு சாக்குக் கட்டியும் இல்லாத அலுவலகம் உண்டா?