நடையை அளப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

நடப்பதைப் பற்றிப் பேச ஒரு மாநாடா என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. குழந்தை தத்தித் தத்தி முதல் அடி வைக்கும்போது கை கொட்டி மகிழ்கிறோம். அதற்குப் பிறகு, காலில் முள் தைத்தால் ஒழிய, நடை என்று ஒன்று இருப்பதாகவே நமக்கு நினைவு வருவதில்லை.

ஆனால் வட அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. மனிதனின் நடையையும், நோயாளிகளின் உடல் அசைவுகளையும் ஆராயும் இந்தச் சங்கம் மாநாடுகள் கூட்டுகிறது. ரண சிகிச்சை டாக்டர்கள், பிஸியோதெரபி நிபுணர்கள், எஞ்சினீயர்கள் எல்லோரும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து வாதாடுகிறார்கள். அது வீண் வாதம் அல்ல. எத்தனையோ குழந்தைகளின் கால்கள் அதைப் பொறுத்திருக்கின்றன.

ஒரு குதிகால் தரையில் பட்டு, அதே குதிகால் மறுபடியும் தரையில் படச் சுமார் ஒரு விநாடி ஆகிறது. அதில் நூற்றுக்கு 60 பங்கு நேரம் அந்தக் கால் தரையில் நிற்கிறது. 40 பங்கு நேரம் அந்தரத்தில் வீசுகிறது. இதற்குள் இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் செய்யும் வேலையை வெறும் கண்ணால் கணக்கிட முடியுமா? ஓடும் குதிரையின் நாலு காலும் ஒரு கணம் தரையை விட்டு எழுகின்றனவா என்ற கேள்விக்கே, 1878ல் மைப்ரிட்ஜ் என்பவர் வரிசையாகக் காமிராக்களை வைத்துப் படம் பிடித்துத்தான் விடை காட்ட வேண்டியிருந்தது.

மூளை வாதம் கண்ட ஒரு குழந்தை நுனிக்காலில் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குற்றம் குதிகால் நாணில் இருக்கலாம். முழங்கால் மடங்கியே இருப்பதால் குதிகால் தரைக்கு எட்டாமலும் போகலாம். இதை அறியாமல் குதிகால் நாணை அளவுக்கு மீறி நீட்டிவிட்டால், குழந்தை நிமிர முடியாமல் குந்தினாற்போல நடக்கத் தொடங்கும். முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு ரண சிகிச்சையாக நடந்து, குழந்தையின் பிறந்த நாள் ஆஸ்பத்திரியிலேயே கழியும். கானடா நாட்டு டாக்டர் மெர்ஸர் ராங் இதற்குப் 'பிறந்தநாள் நோய்' என்றே பெயரிட்டார்!

இதை மாற்ற உதவியது நடையை அளக்கும் கூடம். உடம்பில் ஒளியைத் திருப்பும் சிறு உருண்டைகளை ஒட்டிக் குழந்தையை நடக்கவிடுகிறார்கள். சுற்றிலும் உள்ள காமிராக்கள் மூட்டுகளின் கோணத்தைக் கணக்கிடுகின்றன. தரையில் பதித்த பலகை அடியின் விசையைச் சொல்லுகிறது. தசையின் மின்துடிப்பும் பதிவாகிறது. இவற்றைப் பார்த்து, பல இடத்துக் கோளாறுகளை ஒரே தடவையில் சீர் செய்யத் திட்டமிடுகிறார்கள்.

இனித்தான் விஷயம் இருக்கிறது. 2003ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மூளை வாதம் உள்ள 11 பேரை நாலு கூடங்களில் தனித்தனியே பரிசோதித்தார்கள். ஆள் அதே ஆள்தான். ஆனால் அளவுகளும் வேறுபட்டன, சொன்ன சிகிச்சையும் வேறுபட்டது. காமிரா பொய் சொல்லவில்லை. உருண்டையை ஒரு விரற்கடை தள்ளி ஒட்டினால் கணக்கு மாறுகிறது. ஒரே கணக்கை இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகப் படிக்கவும் படிக்கிறார்கள்.

ஆகவே, இத்தகைய மாநாடுகளின் முதல் வேலை புதிய யந்திரங்களின் பெருமையைப் பேசுவதல்ல. அதைப் பேச விற்பனைக்காரர்கள் இருக்கிறார்கள். "இந்தக் குழந்தை விஷயத்தில் நாங்கள் வேறுபட்டோம், ஏன்?" என்று எழுந்து நிற்பவருக்கே மேடையில் முதல் இடம் கொடுக்க வேண்டும்.

டாக்டர்கள் பகிரங்கமாக வேறுபட்டால் நோயாளியின் நம்பிக்கை குலையாதா என்று சிலர் கேட்கலாம். குலையாது. கத்தரிக்காய் நிறுக்கும் எடைக்கல்லுக்கே முத்திரை கேட்கிறோம். கேட்பதால் கடைக்காரரிடம் நம்பிக்கை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. அமெரிக்காவில் இந்தக் கூடங்களைச் சோதித்துச் சான்று கொடுக்க ஒரு தனி அமைப்பும் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் சான்று அளவுக்குத்தான் முத்திரை. அதைப் படித்துக் கத்தியை எடுப்பவரின் முடிவுக்கு முத்திரை, சக டாக்டர்கள் கேட்கும் கேள்விதான்.

கத்தி பட்ட தசையைப் பழையபடி ஆக்குவது எளிதல்ல. குழந்தைக்குப் பதிலாகக் கேள்வி கேட்க அந்த மண்டபத்தில் சிலராவது இருக்க வேண்டும்.