‘ஒரு பயணிகூட சாகவில்லை’ என்ற விமானம்: பன்னீர்செல்வம் ஏன் அந்தக் கணக்கில் இல்லை?

கரையான்சாவடி சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தால், மீனம்பாக்கம் பக்கம் போகும் ஒரு விமானம் கண்ணில் படும். அது எங்கிருந்து வருது, எத்தனை அடி உயரத்தில் பறக்குது என்று மொபைல் ஆப் உடனே சொல்லிவிடும். ஆனால், 1940-ல் ஒரு தமிழகத் தலைவர் ஏறிய விமானம் எங்கே விழுந்தது என்பதே இன்றுவரை தெரியாது.

அது என்ன விமானம்?

ஹேண்ட்லி பேஜ் எச்.பி.42. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரட்டை இறக்கை, நான்கு இன்ஜின். பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸுக்காக மொத்தமே 8 விமானங்கள்தான் செய்தார்கள். 1931-ல் சேவைக்கு வந்தன. வேகம் மணிக்கு சுமார் 160 கி.மீ. மெதுவான விமானம்தான், ஆனால் பாதுகாப்பானது என்று பெயர் வாங்கியது. ‘சமாதான காலத்தில் ஒரு பயணிகூட இறக்கவில்லை’ என்பது இன்றும் அதற்குச் சொல்லப்படும் பெருமை.

1940 மார்ச் 1-ல் என்ன நடந்தது?

‘ஹானிபல்’ என்ற எச்.பி.42, ஈரானின் ஜாஸ்க்கிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பியது. ஓமன் வளைகுடா மீது காணாமல் போனது. உள்ளே இருந்தவர்கள் 8 பேர். அவர்களில் ஒருவர் சர் ஏ.டி.பன்னீர்செல்வம்: நீதிக்கட்சித் தலைவர், சென்னை மாகாண அமைச்சராக இருந்தவர், இந்தி எதிர்ப்பில் பெரியாருடன் நின்றவர். இந்தியா மந்திரியின் ஆலோசகர் பதவியை ஏற்க லண்டன் போய்க்கொண்டிருந்தார். உடலும் கிடைக்கவில்லை, விமானத்தின் பாகமும் கிடைக்கவில்லை.

கணக்கில் என்ன சிக்கல்?

போர்க்காலம், அதனால் தனிக்கணக்கு என்பார்கள். ஆனால், ஹானிபல் சுட்டு வீழ்த்தப்பட்டதற்கு எந்த ஆதாரமும் இல்லை. காரணமே தெரியாத விபத்தைப் போரின் தலையில் கட்டிவிட்டு, விமானத்தின் பெருமையை மட்டும் காப்பாற்றுவது நியாயமா? ‘சமாதான காலத்தில்’ என்ற ஒரே வார்த்தை 8 பேரைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது.

இது பழங்கதை மட்டும் இல்லை. 2014-ல் 239 பேருடன் மறைந்த எம்.எச்.370 என்ன ஆனது என்பதற்கும் முழுப் பதில் இல்லை. ‘பாதுகாப்பானது’ என்று யார் சொன்னாலும், எந்த ஆண்டு முதல், யாரையெல்லாம் சேர்த்து என்று கேட்க வேண்டும்.

பன்னீர்செல்வத்தின் பெயரில் ஈரோட்டில் பூங்கா இருக்கிறது, திருச்சியில் மணிமண்டபம் இருக்கிறது. எச்.பி.42-ன் சாதனையைச் சொல்லும் இடத்திலும் அவர் பெயர் இருக்க வேண்டும்.