பிளேட்லெட் கணக்கு

டெங்கு வந்தாலும் வந்தது, அம்பத்தூரில் டீ மாஸ்டர்கூட பிளேட்லெட் நிபுணர் ஆகிவிட்டார். 'ஒண்ணரை லட்சத்துக்குக் கீழே போனா டேஞ்சர் சார்!' எனவே, ஆபீஸ் நண்பரின் மூன்று மாதக் குழந்தைக்கு வெறும் பதினெட்டாயிரம் என்றதும் நாலு பேர் கை நீட்டத் தயாராகிவிட்டோம்.

டாக்டரம்மா, 'இப்ப ஏத்தக் கூடாது' என்றுவிட்டார்.

டெங்கு இல்லை. குழந்தையின் தொடையில் ஊதா நிறத்தில், கல் மாதிரி வீக்கம். பாட்டி கிரகணத்தின் மேல் பழி போட்டிருந்தார். (கிரகணம் பாவம், அதற்கேது வாய்!) அது ரத்தக்குழாய்களே கட்டியாக வளரும் அபூர்வ வியாதி. கப்போசிஃபார்ம் ஹீமாஞ்சியோ எண்டோதீலியோமா. சொல்லி முடிப்பதற்குள் ஆவடி லோக்கல் கொரட்டூர் தாண்டிவிடும். பிளேட்லெட்டுகள் கட்டிக்குள் மாட்டிக்கொள்ள, உடம்பில் பற்றாக்குறை. நியூயார்க் டாக்டர்கள் கசாபாக், மெரிட் இருவரும் 1940-லேயே இதை எழுதிவைத்தார்கள். பி.காம். பாஷையில் சொன்னால், நாம் போடுகிற டெபாசிட்டையெல்லாம் கட்டியே வித்டிரா பண்ணிக்கொண்டு இன்னும் வீங்கும். ரத்தப்போக்கு, ஆபரேஷன் என்றால் மட்டுமே ஏற்றுவார்கள்.

பிறந்த சில வாரங்களில் தலைகாட்டும் ஸ்ட்ராபெர்ரிச் சிவப்பு மச்சம் வேறு ஜாதி. வேகமாக வளர்ந்து, ஒரு வயதுக்குப் பின் பெரும்பாலும் தானே வடியும். கண், மூக்கருகே வந்து தொல்லை கொடுத்தால் ப்ரொப்ரனலால் இருக்கிறது. ரத்தக்கொதிப்பு மருந்துதான். 2008-ல் பிரான்சின் போர்டோ நகர டாக்டர்கள் தற்செயலாகக் கண்ட உபயோகம்.

நண்பரின் குழந்தைக்குக் கொடுத்தது சிரோலிமஸ். இதன் பூர்வீகம் சினிமா மாதிரி. 1964-ல் கனடாக் குழுவினர் ஈஸ்டர் தீவிலிருந்து மண் அள்ளி வந்தார்கள். அதிலிருந்த நுண்ணுயிரிலிருந்து மருந்தைப் பிரித்தவர் சுரேந்திரநாத் சேகல், நம்மூர்க்காரர். எண்பதுகளில் கம்பெனி மாண்ட்ரீல் லேபை மூடியபோது, அந்த நுண்ணுயிரை வீட்டு ஃப்ரீஸரில் வைத்துக் காப்பாற்றினார் மனிதர். 1999-ல் கிட்னி மாற்றிக்கொண்டவர்களுக்கு அனுமதி; 2011-ல் சின்சினாட்டி டாக்டர்கள் இந்த மாதிரிக் கட்டிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டதை எழுதினார்கள். சில வாரங்களில் நண்பரின் குழந்தைக்குப் பிளேட்லெட் ஏறியது. வீக்கம் மெதுவாகத்தான் வற்றுகிறது. எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்தாதலால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை உண்டு. சளி பிடித்த உறவினர்களுக்கு வாசலோடு சரி.

ஊதா நிறம், கெட்டி, தொட்டால் சூடு, திடீர் வீக்கம், உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி... இப்படிக் கண்டால் மருந்துக்கடையில் களிம்பு கேட்காதீர்கள். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அன்றைக்கே சென்ட்ரல் லோக்கலைப் பிடியுங்கள். அங்கிருந்து எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ போதும். பேரம் பேச நேரமிருந்தால் பேசுங்கள்.