ஒதுக்கிய வால் விருந்தான விதம்

கரிபியக் கடலிலுள்ள ஜமைக்காத் தீவில் ஞாயிறு மதிய உணவு குடும்பத்தார் அனைவரும் கூடி உண்பது. அன்று பல இல்லங்களில் மாட்டு வால் கறி கொதிக்கும். வாலில் கறி குறைவு, எலும்பு மிகுதி, வேகவும் நெடுநேரம் பிடிக்கும். அப்படிப்பட்ட வால் விருந்தில் முதலிடம் பெற்றது எங்ஙனம்?

அத்தீவின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக உழைத்தனர். 1838-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளன்று அவர்கள் முழு விடுதலை பெற்றனர். வறுமையோ உடனே விலகவில்லை. மாட்டின் நல்ல தசைப்பகுதி வசதி படைத்தோரின் மேசைக்குச் சென்றது. வாலும் காலும் தலையும் குடலுமே ஏழையருக்கு எட்டின. அவற்றைச் சுவையுள்ள உணவாக்கியது அவர்களுடைய கைப்பக்குவமே.

செய்முறையைக் காண்போம். ஒன்றரைக் கிலோ வாலைக் கணுக்கணுவாக வெட்டித் தருமாறு கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். துண்டுகளை எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் அலசி, உப்பு, மிளகுத்தூள், நசுக்கிய பூண்டு, இஞ்சி, நறுக்கிய வெங்காயம், வெங்காயத்தாள், தைம் என்னும் மணத்தழை ஆகியவற்றைப் பிசறி இரவு முழுதும் குளிர்பெட்டியில் ஊற விடுக. இவற்றோடு ஜமைக்கா மக்கள் ‘பிமெண்டோ’ என்னும் உலர்ந்த காயையும் பத்துப் பன்னிரண்டு சேர்ப்பர். கிராம்பு, பட்டை, சாதிக்காய் ஆகிய மூன்றின் மணமும் அதில் ஒருங்கே அமைந்திருக்கும். அது கிடைக்காதவிடத்து இம்மூன்றிலும் சிறிதளவு சேர்க்கலாம்.

மறுநாள் கனத்த பாத்திரத்தில் 2 மேசைக்கரண்டி எண்ணெயும் 1 மேசைக்கரண்டி பழுப்புச் சர்க்கரையும் இட்டுக் காய்ச்சுக. சர்க்கரை உருகி நுரைத்துக் கரும்பழுப்பு நிறம் கொண்டதும், ஊறிய மசாலையை உதறிவிட்டுத் துண்டுகளை இட்டுப் புரட்டுக. சற்றே தாமதித்தாலும் சர்க்கரை கருகிக் கசந்துவிடும். பின்னர் எஞ்சிய மசாலையையும், கறி மூழ்குமளவு வெந்நீரையும் சேர்த்து, மூடி, சிறு தீயில் சுமார் 3 மணி நேரம் வேகவிடுக. பிரஷர் குக்கரில் 45 நிமிடம் போதும்.

இங்கே அவசரம் ஆகாது. வாலின் தசையை எலும்போடு பிணைத்திருக்கும் கொலாஜன் என்னும் பொருள், ஈரமான சூட்டில் மெல்ல மெல்ல இளகி ஜெலட்டினாக மாறுகிறது. குழம்பு பிசுபிசுப்பாகத் திரள்வதற்கும் கறி எலும்பை விட்டுக் கழல்வதற்கும் அதுவே காரணம்.

இறுதி அரை மணியில், முன்னரே ஊறவைத்து வேகவைத்த பட்டர் பீன்ஸ் ஒரு கிண்ணம் சேர்க்க வேண்டும். மைதா மாவை உப்பு நீரில் பிசைந்து, உள்ளங்கைகளுக்கிடையே விரல்போல் உருட்டிய சிறு கொழுக்கட்டைகளையும் இடுவர். சிறிது கறியைக் கொண்டு பலர் பசியாற்றும் உபாயம் இது. ‘ஸ்காட்ச் பானெட்’ என்னும் கடுங்காரமான மிளகாய் ஒன்றை முழுதாக மிதக்கவிட்டு, உடையுமுன் எடுத்துவிடுவர். மணம் இறங்கும், காரம் அடக்கமாயிருக்கும். தேங்காய்ப் பாலில் சிவப்பு பீன்ஸ் அல்லது துவரையுடன் சமைத்த சோறு இதற்கு ஏற்ற துணை.

ஆயினும் இன்று நிலை மாறிவிட்டது. இதன் சுவையைப் பிறரும் அறிந்துகொண்டனர். ஒரு மாட்டுக்கோ ஒரு வால்தான். ஆகவே ஜமைக்காவிலும், அம்மக்கள் குடியேறிய அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலும் வாலின் விலை வெகுவாக ஏறிவிட்டது. உலகுக்கு அச்சுவையைக் கற்பித்த ஏழையரின் சட்டிக்கே அது எட்டாப் பொருளாகி வருகிறது. அதனால் அங்குள்ள பல தாய்மார்கள் மாட்டுக்காலை வாங்கி, ஏறக்குறைய இவ்வாறே பட்டர் பீன்ஸுடன் சமைக்கின்றனர்.

நாமும் இறைச்சிக் கடையில் எலும்பு மிகுந்த பகுதியைக் கண்டு முகஞ்சுளிக்க வேண்டாம். வாலோ காலோ, எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்கி, முந்திய இரவே ஊறவைத்து, சிறு தீயில் நிதானமாக வேகவைப்போம். ஞாயிறு உணவுக்குப் பணம் மிகுதியாக வேண்டியதில்லை. பொழுதும் பொறுமையுமே வேண்டும்.